மனநல மருத்துவரா, சைக்காலஜிஸ்டா, நரம்பு டாக்டரா: தருமபுரி, கிருஷ்ணகிரியில் முதலில் யாரைப் பார்ப்பது?

மனநலத் துறையில் "டாக்டர்" என்ற ஒரே சொல்லை மூன்று விதமானவர்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிறார்கள். எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர் ஒருவர். உளவியலில் பிஎச்.டி. வாங்கியவர் இன்னொருவர். சித்தாவோ ஓமியோபதியோ படித்தவர் மூன்றாமவர். பொய்ப் பட்டம் என்று இதில் எதையும் சொல்ல முடியாது. ஆனால் மூவருக்கும் தெரிந்த வேலை வேறு, சட்டம் அனுமதிக்கும் எல்லையும் வேறு.

பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து இந்த வித்தியாசத்தைப் பிரித்தறிவது கடினம். காரிமங்கலத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வரும் குடும்பம், தவறான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் நஷ்டம் அந்த ஒரு நாளோடு நிற்பதில்லை. "டாக்டரைப் பாத்தாச்சு, ஒண்ணும் கேக்கல" என்று ஊர் திரும்புகிறது. அடுத்த முயற்சி எடுக்க ஆறு மாதம் ஆகலாம், எடுக்காமலே போகலாம்.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை. சிகிச்சை தேடிப் புறப்பட்ட சிறு பங்கினரும் வழியில் தொலைந்துபோகக் கூடாது. எந்தக் கதவை முதலில் தட்டுகிறோம் என்பது முக்கியம். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவருக்குத் தன் எல்லை எது, அடுத்த கதவு எது என்று தெரியுமா என்பது அதைவிட முக்கியம். இந்தக் கட்டுரை அதைச் சுற்றியே போகிறது.

## யார் என்ன படித்தவர்?

1. மனநல மருத்துவர். சைக்கியாட்ரிஸ்ட் என்பது இவரைத்தான். முதலில் எம்.பி.பி.எஸ்., அதன்மேல் மூன்றாண்டு எம்.டி. அல்லது டி.என்.பி., இல்லையென்றால் டி.பி.எம். என்ற இரண்டாண்டுப் பட்டயம். உடலைப் பரிசோதிப்பார், ரத்தப் பரிசோதனை எழுதுவார், மருந்து கொடுப்பார், தேவைப்பட்டால் உள்நோயாளியாகச் சேர்ப்பார். பேச்சு சிகிச்சையிலும் பயிற்சி உண்டு. ஆனால் கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்க அவரால் முடியாது.

2. மருத்துவ உளவியலாளர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். உளவியலில் முதுகலை முடித்து, அதற்குமேல் மருத்துவமனையில் நோயாளிகளோடு மேற்பார்வையின்கீழ் இரண்டாண்டு முழுநேரப் பயிற்சி பெறும் எம்.ஃபில். இதுவரை இதற்கான வழக்கமான வழி. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். நுண்ணறிவுச் சோதனை, கற்றல் குறைபாட்டுச் சோதனை, ஆளுமை மதிப்பீடு, முறையான பேச்சு சிகிச்சை எல்லாம் இவர் வேலை. மருந்து எழுத இந்தியாவில் இவருக்கு அனுமதி இல்லை. எழுதிக் கொடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

3. கவுன்சலர். குழப்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. முதுகலை உளவியல் படித்து நல்ல பயிற்சியோடு வேலை செய்பவரும் கவுன்சலர். மூன்று மாத ஆன்லைன் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியவரும் கவுன்சலர். இந்த நிலையைச் சீராக்கத்தான் 2021இல் துணை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. உளவியலாளர், ஆலோசகர், சமூகப் பணியாளர் ஆகியோர் அதன் பட்டியலுக்குள் வருகிறார்கள். அதன் தொடர்ச்சியாக 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்தியது. அதற்கு முன் அஞ்சல் வழியில் படித்த எல்லோரும் திறமையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நேரடிப் பயிற்சி எங்கே, யாரிடம் பெற்றார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

4. மனநல சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர். பெயரே கேள்விப்படாத பலர் உண்டு. அரசு மருத்துவமனைகளில் ஒரு நோயாளி தொடர்ந்து வருகிறாரா, வீட்டில் மாத்திரை கொடுக்கிறார்களா, உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டாயிற்றா என்று பார்ப்பவர்கள் இவர்கள். நீண்ட கால நோய் உள்ள வீட்டுக்கு, மருத்துவரைவிட இவர்களின் கைபேசி எண்தான் அதிகம் உதவும்.

5. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், ஊர் டாக்டர். மனநல நிபுணர் இல்லை. ஆனாலும் பல நேரங்களில் இவரே சரியான முதல் கதவு. ஏன் என்று பின்னால் வருகிறது.

6. சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சித்தாவில் சிறப்பு மருத்துவப் பிரிவில் எம்.டி. முடித்தவரையும், ஓமியோபதியில் மனநல எம்.டி. முடித்தவரையும் மனநல வல்லுநர் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தத் துறைகளில் வேறு பிரிவு படித்தவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார்.

## "நரம்பு டாக்டர்" என்ற சுற்றுவழி

இந்தப் பக்கத்தில் மனநலத்துக்காக அலைந்த பல குடும்பங்கள் ஏறி இறங்கிய முதல் படி நரம்பியல் மருத்துவருடையது. "நரம்புத் தளர்ச்சி" என்ற சொல் காரணம். தூக்கமில்லை, கை நடுங்குகிறது, படபடப்பு, தலையில் பாரம், உடம்பெல்லாம் எரிச்சல். கேட்கும்போது நரம்புக் கோளாறு போலத்தான் இருக்கிறது. "மனநல டாக்டர்கிட்ட போனோம்" என்று சொல்ல வெட்கப்படும் வீட்டுக்கு "நரம்பு டாக்டர்கிட்ட போனோம்" என்பது மானத்தைக் காப்பாற்றும் சொல்லாகவும் இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் எது விழுந்தால் பரவாயில்லை என்பது வரைக்கும் கணக்குப் போட்டுத்தான் அந்தச் சொல்லைத் தேர்கிறார்கள். அந்தக் கணக்கைக் குறைசொல்லிப் பயனில்லை. அதன் விலை என்ன என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

நரம்பியல் மருத்துவர் பார்ப்பது மூளை, தண்டுவடம், நரம்புகளில் ஏற்படும் நோய்கள்: வலிப்பு, பக்கவாதம், பார்க்கின்சன், ஒற்றைத் தலைவலி போன்றவை. மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் மூளையின் இயக்கத்தோடு தொடர்புடையவைதான், ஆனால் ஸ்கேனில் தெரிவதில்லை. எனவே ஸ்கேன் எடுக்கிறார்கள், "நார்மல்" என்று வருகிறது. சோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்த குடும்பம் "உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்று நோயாளியைப் பார்க்கத் தொடங்குகிறது. அவதிப்படுகிறவருக்கு அதைவிடப் பெரிய அடி இல்லை.

நல்ல நரம்பியல் மருத்துவர் அந்த இடத்தில் "இது என் துறை இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்று சீட்டு எழுதுவார். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு பலர் போவதில்லை என்பதும் உண்மை. போக வேண்டும்.

இரண்டு துறையும் சேர்ந்து பார்க்க வேண்டியவையும் உண்டு. முதுமையில் வரும் மறதி நோய் ஒன்று. வலிப்பு போலவே வந்து, மூளை மின்வரைபடத்தில் எதுவும் காட்டாத, மனநெருக்கடியால் வரும் இழுப்பு இன்னொன்று. இளம்பெண்களுக்கு இது வரும்போது "நடிக்கிறாள்" என்று அடிக்கும் வீடுகள் இருக்கின்றன. அவள் நடிக்கவில்லை. அது நோய், அதற்குச் சிகிச்சை உண்டு.

## புறப்படும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

யாரைப் பார்ப்பது என்பதை நோயின் பெயரைக் கொண்டு முடிவு செய்ய வீட்டாரால் முடியாது. பெயர் வைப்பது மருத்துவர் வேலை. கீழ்க்கண்ட கேள்விகளுக்கு வீட்டில் இருப்பவர்களே பதில் சொல்லலாம். வரிசை முக்கியம்.

1. உயிருக்கு ஆபத்து இருக்கிறதா? சாக வேண்டும் என்று பேசுகிறார், எழுதி வைக்கிறார், தன் பொருள்களை மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார், அல்லது மற்றவரைத் தாக்க வருகிறார் என்றால் கவுன்சலரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. 108ஐ அழைக்கலாம் அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போகலாம். அதுவரை அவரைத் தனியே விடக் கூடாது. வயலுக்கு வாங்கி வைத்த மருந்துகளையும் வீட்டு மாத்திரைகளையும் அப்புறப்படுத்திப் பூட்டி வைக்க வேண்டும். "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்ற பயத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் தாமதிக்கிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை.

2. திடீரென்று வந்ததா? எழுபது வயதுப் பெரியவர் நேற்றுவரை நன்றாக இருந்து, இன்று ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுகிறார் என்றால் அது பெரும்பாலும் மனநோய் இல்லை. சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, சர்க்கரை இறங்குவது, மூளையில் ரத்தக்கசிவு இவற்றில் ஒன்றாக இருக்கலாம். மனநல மருத்துவரையோ பூசாரியையோ தேடாமல் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மணிக்கணக்கு முக்கியம்.

பிரசவமான இரண்டு வாரத்துக்குள் தாய் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைத் தன்னுடையது இல்லை என்று சொன்னால் அதுவும் அவசரம்தான். ஆயிரம் பிரசவத்தில் ஓரிருவருக்கு வரும் இந்த நோயைத்தான் "காத்து கருப்பு பட்டுடுச்சு" என்று சொல்லி நாட்களைக் கடத்துகிறார்கள். முறையாகச் சிகிச்சை கொடுத்தால் நன்றாகக் குணமாகும் நோய் இது. தாமதித்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

3. இல்லாதது கேட்கிறதா, தெரிகிறதா? காதில் குரல் கேட்பது, எல்லோரும் சதி செய்கிறார்கள் என்று அசையாமல் நம்புவது, நாள்கணக்கில் தூங்காமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் பணத்தை வாரி இறைப்பது. இவற்றுக்கு முதல் கதவு மனநல மருத்துவர் மட்டுமே. இங்கே மருந்து அடித்தளம். பேச்சு சிகிச்சை பிறகு வரும். கவுன்சலர் ஒருவர் இந்த நிலையில் உள்ளவரை மருந்தில்லாமல் மாதக்கணக்கில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தால், அவருக்குத் தன் எல்லை தெரியவில்லை.

4. இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறதா, வேலை கெடுகிறதா? எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது, தோட்டத்துக்கோ கம்பெனிக்கோ போக முடியவில்லை. இந்த இடத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் தொடங்குவது நல்லது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி-12 பற்றாக்குறை ஆகியவை மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டும். முதலில் அவற்றைப் பார்த்துவிட வேண்டும். அவை சரியாக இருந்தும் பாரம் இறங்கவில்லை என்றால் மனநல மருத்துவர்.

"தெம்பு ஊசி" போட்டு, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினால் அது பதில் ஆகாது. ஒரு நாள் தெம்பாக இருக்கும், அவ்வளவுதான். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இன்னும் மோசம். அல்ப்ரசோலம் போன்றவை சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும்.

5. ஒரு குறிப்பிட்ட நிகழ்வைச் சுற்றியதா? மாங்காய் விலை விழுந்து கடன் கழுத்தை நெரிக்கிறது, மணமுறிவு, தேர்வுத் தோல்வி, நெருங்கியவர் மரணம். தூக்கமும் உணவும் ஓரளவு நடக்கின்றன, வேலை ஓடுகிறது, ஆனால் மனம் ஆறவில்லை. கவுன்சலரோ உளவியலாளரோ இங்கே முதல் கதவாக இருக்கலாம். மருந்து தேவைப்படாமலே போகலாம்.

## மருந்தா, பேச்சா?

இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி வாதாடுவது நோயாளிக்கு உதவாது. கொஞ்சமான மனச்சோர்வுக்கும் பல பதற்றக் கோளாறுகளுக்கும் முறையான பேச்சு சிகிச்சை மட்டுமே போதலாம். நடுத்தரம், கடுமையானது என்றால் இரண்டும் சேரும்போது பலன் கூடும். திரும்பத் திரும்பக் கை கழுவுவது, பூட்டைச் சரிபார்ப்பது போன்ற எண்ணச் சுழற்சி நோய்க்கு, பயப்படும் பொருளைத் தொடவைத்து, கழுவாமல் இருக்கப் பழக்கும் தனிப்பயிற்சி உண்டு. அதைப் பயிற்சி பெற்ற உளவியலாளர்தான் செய்ய முடியும். "மனசைத் தளர விடாதீங்க" என்ற அறிவுரையால் அந்த நோய் நகராது.

பேச்சு சிகிச்சை என்றால் வெறும் ஆறுதல் என்று நினைப்பவர்கள் அதிகம். அறிவுசார் நடத்தை சிகிச்சை என்ற முறைக்குத் திட்டம் உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, முடிவும் உண்டு. பெரும்பாலும் எட்டிலிருந்து இருபது அமர்வுக்குள் முடியும். ஒவ்வொன்றும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்.

மாத்திரை பற்றி இரண்டு பயங்கள் எப்போதும் வருகின்றன. முதல் பயம், "போட்டா வாழ்க்கை பூரா போடணும்" என்பது. முதல்முறை வந்த மனச்சோர்வுக்கு, நன்றான பிறகு குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்துவிட்டு மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதுதான் வழக்கம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் போடுவது போல நீண்ட காலம் தேவைப்படும் மனநோய்களும் உண்டு, உண்மைதான். இரண்டாவது, "ஒரு வாரம் போட்டேன், ஒண்ணும் கேக்கல" என்பது. மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வாய் உலர்தல், குமட்டல் போன்ற பக்கவிளைவு மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். இதை முதல் நாளே சொல்லாத மருத்துவரின் நோயாளிகள்தான் ஏழாம் நாள் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள்.

## குடிக்குத் தனிக் கணக்கு

மதுப் பழக்கத்தால் வரும் கோளாறுகளை 2017 சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. எனவே குடி நிறுத்தும் மையம் என்று பலகை வைப்பவரும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். காலம்காலமாகத் தினமும் அதிகம் குடித்தவர் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டாம் மூன்றாம் நாளில் கடும் நடுக்கம், குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிதல், வலிப்பு வரலாம். உயிரே போகலாம். "குடிக்காம இருந்தான், சாமி வந்து ஆடினான், செத்துட்டான்" என்று சொல்லப்படும் மரணங்களில் இதுவும் இருக்கிறது.

எனவே நிறுத்துவதற்கு முதல் கதவு மருத்துவமனை. அடித்துத் தூக்கிக்கொண்டு போகும் வண்டியை அனுப்பும் மையம், குடும்பத்தைப் பல வாரம் பார்க்கவிடாத மையம், வருகை தரும் மருத்துவர் பெயரைச் சொல்லாத மையம் இவற்றில் சேர்க்கக் கூடாது. நச்சு நீங்கிய பிறகுதான் கவுன்சலருக்கும், குடியிலிருந்து மீண்டவர்கள் கூடும் ஏ.ஏ. குழுவுக்கும் வேலை. அந்தக் கட்டத்தில் அவர்கள் செய்வதை மாத்திரையால் செய்ய முடியாது.

## குழந்தைகள்

பேச்சு வரவில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, ஓரிடத்தில் உட்காருவதில்லை என்றால் அரசுத் தரப்பில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் கேட்கலாம். நன்றாகப் பேசும் பிள்ளைக்கு எழுத்து மட்டும் வரவில்லை என்றால் கற்றல் குறைபாட்டுச் சோதனை. அதைச் செய்வது மருத்துவ உளவியலாளர். முறையான சான்றிதழ் இருந்தால் அரசுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடாமல் எட்டாம் வகுப்பிலேயே போவது நல்லது.

## இந்த இரண்டு மாவட்டங்களில் எங்கே போவது?

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை எல்லாம் தருமபுரிதான். தருமபுரியில் 2008இலும், கிருஷ்ணகிரியில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. மனநலப் பிரிவுக்கு முதலில் போய் நிற்க வேண்டிய இடங்கள் இந்த இரண்டு கல்லூரி மருத்துவமனைகள். இதோடு, 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் அடங்கிய குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் போய்ப் பார்க்கும். பென்னாகரம், அரூர், பாலக்கோடு, ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் இருப்பவர்கள் அந்தந்த அரசு மருத்துவமனையில் "மனநல டாக்டர் என்னைக்கு வர்றார்?" என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம். மாதாமாதம் மாத்திரை வாங்குவதையும் அங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்க வேண்டும். மனநோயாளி எவரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் பயணிக்கும் நிலை வரக்கூடாது என்பதை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அரசின் கடமையாகவே வைத்திருக்கிறது.

வீடு வீடாக ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டு வாசலுக்கு வரும் அந்தப் பெண் தன்னார்வலர் மனநல சிகிச்சை தருபவர் இல்லை. ஆனால் எந்த மருத்துவமனை, எந்த நாள் என்று விசாரித்துச் சொல்ல, தெருவில் அவரைவிட நம்பகமான ஆள் கிடைப்பது அரிது.

நிம்ஹான்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், நிம்ஹான்ஸ் இருப்பதும் ஓசூர் சாலையில்தான். "பெரிய இடம், நேரா அங்கயே போயிடலாம்" என்ற எண்ணம் இயல்பாக வருகிறது. நோய் என்னவென்று பிடிபடாமல் இருப்பது, இரண்டு மூன்று மருந்து மாற்றியும் கேட்காதது, மூளை நோயா மனநோயா என்ற சந்தேகம் இவற்றுக்கு அங்கே போவது சரி. வழக்கமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அரூரிலிருந்தும் மொரப்பூரிலிருந்தும் அங்கே போனால், மூன்றாவது மாதம் பயணச் செலவு தாங்காமல் சிகிச்சையே நின்றுவிடும். பாதியில் நிற்கும் பெரிய மருத்துவத்தைவிடத் தொடர்ந்து நடக்கும் சின்ன மருத்துவம் பலன் தரும்.

மொழியும் ஒரு காரணம். இந்தப் பக்கம் தளியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் நிறைய. மொழிபெயர்ப்பவரை வைத்துக்கொண்டு மருந்து எழுத முடியும். பேச்சு சிகிச்சையை அப்படிச் செய்ய முடியாது. அங்கே பேச்சே மருந்து. எந்த மொழியில் அழுகிறோமோ அந்த மொழி தெரிந்தவரிடம் போக வேண்டும். அம்மாவின் துயரத்தை மொழிபெயர்க்கப் பன்னிரண்டு வயது மகளை உட்கார வைப்பது இருவருக்கும் கேடு.

போக வழியே இல்லை, இரவு நேரம், அல்லது யாரிடம் தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் 14416. 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதும் இயங்கும் டெலி-மானஸ் இலவச எண் இது. தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவையென்றால் மேல்நிலைக்கு மாற்றுவார். முதல் கதவாகத் தொலைபேசியைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை.

## கோயிலும் தர்காவும்

நோய் வந்ததும் சாமியிடம் போகிறவர்களைப் போகாதே என்று சொல்லத் தேவையில்லை. நம்பிக்கை தாங்கும். மருத்துவத்தை நிறுத்தச் சொல்வதும், கட்டிப்போடுவதும், அடிப்பதும், சூடு வைப்பதும்தான் எதிர்க்க வேண்டியவை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைச் சட்டம் தடை செய்கிறது. அதே ஏர்வாடியில் பிறகு "தவா-துவா" என்று மருந்தும் பிரார்த்தனையும் அருகருகே நடக்கும் ஏற்பாடு வந்தது. ஊர்ப் பூசாரி ஒருவர் "பூசை நான் பாக்கறேன், மாத்திரையை நிறுத்தாத" என்று சொன்னால், அடுத்த கதவு தெரிந்தவர் அவர்.

## பதிவு எண்ணைக் கேளுங்கள்

1. மனநல மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண். சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.
2. மருத்துவ உளவியலாளர் என்றால் மறுவாழ்வுக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டு எண். அந்த இணையதளத்தில் சரிபார்க்கலாம்.
3. கவுன்சலர் என்றால் எந்தப் பட்டம், நேரடியாகவா, எத்தனை ஆண்டு யாரிடம் பயிற்சி என்று மூன்று கேள்வி. கேட்டால் கோபப்படுபவரிடம் மனதைத் திறக்க வேண்டாம்.
4. உள்நோயாளியாகச் சேர்க்கும் இடம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று.

## சரியான ஆள்தானா?

முதல் சந்திப்பிலேயே சில தெரிந்துவிடும். நோயாளியிடம் தனியாகச் சில நிமிடம் பேசினாரா, கூட வந்த அண்ணனிடமே எல்லாவற்றையும் கேட்டு முடித்தாரா? சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டாரா? அப்படிக் கேட்பது எண்ணத்தைத் தூண்டாது, பாரத்தை இறக்கும். எவ்வளவு நாளில் என்ன மாற்றத்தை எதிர்பார்க்கலாம் என்று சொன்னாரா? "நூறு சதவீதம் குணம், மூணே அமர்வு" என்பவரும், வேறு யாரிடமும் போகாதே என்பவரும், எல்லா நோய்க்கும் தன்னிடமே பதில் இருக்கிறது என்பவரும் எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் விலக வேண்டியவர்கள்.

சொன்ன அளவில் மருந்து சாப்பிட்டு ஆறு வாரம் ஆகியும் கொஞ்சமும் மாற்றமில்லை என்றால் முதலில் அதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தையோ அளவையோ மாற்றுவார். அதற்குப் பிறகும் நிறைவில்லை என்றால் ஆளை மாற்றுவது நோயாளியின் உரிமை. தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கவும் சட்டம் வழி செய்கிறது. மாறும்போது பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், காலி மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும். புது மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை பழைய மாத்திரையை நிறுத்தக் கூடாது. கையிருப்பு பத்து நாளுக்குக் கீழே வரும்போதே அடுத்த ஓ.பி. எந்தக் கிழமை என்று விசாரித்துவிட வேண்டும்.